சுவரில் இருபத்து மூன்றாம் எண்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே இதை எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ நடுநடுவே கேள்வி கேட்பாய், நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவேன். இது பாதியில் வைத்துவிடுகிற விஷயம் இல்லை. குட்டியைத் தூங்கப் போட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி. முதலில் நீ மட்டும் படி, மாப்பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் நீயே முடிவு பண்ணிக்கொள்.

என் கண் ஆஸ்பத்திரிக்கு வசதியாக இருக்கும் என்று நாம் இரண்டு பேரும் பேசிப் பேசித்தானே அப்பாவை இந்த நகரத்துக்கு இழுத்து வந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த ஊர்தானே, தெரிந்த தெருக்கள்தானே, எதற்கு இத்தனை முரண்டு என்று நீகூட அவரிடம் கோபித்துக்கொண்டாய். வந்து நாலு மாதம் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, ஊரிலுள்ள எல்லா அருங்காட்சியகத்துக்கும் ஓவியக் கூடத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே நுழைவு அட்டையாக எடுத்து அனுப்பினாய். உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அட்டையால் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் இருக்காது என்று அதையே என் நாளாக வைத்துக்கொண்டேன். ஓவியக் கூடத்தில் ஒரு படம், மேஜை மேல் மீனும் பாதி உரித்த எலுமிச்சம்பழமும். அந்தத் தோல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. அதை முழுசாக உரித்து வைத்துவிட்டு வரவேண்டும் என்று என் கை பரபரத்தது. இன்னொரு இடத்தில் பஞ்சடைத்த கரடி, காதில் பூச்சி அரித்திருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவரையும் கூப்பிட்டால், "செத்தவங்க போட்டுட்டுப் போன சாமானைப் பாக்க நான் எதுக்கு, நீ பாத்துட்டு வா" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அதற்கெல்லாம் நான் அர்த்தம் தேடவில்லை.

ஒன்றரை மாதம் முன்பு நகர அருங்காட்சியகத்துக்குப் போனேன். இரண்டாம் மாடியில் இந்த நகரத்துத் தொழிற்சாலைகளைப் பற்றிப் புதிதாக ஒரு கண்காட்சி. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க ஒரே புகைப்படம், கறுப்பு வெள்ளை. தொழிற்சாலை முற்றத்தில் ஆட்கள் கூட்டமாக நின்று தலையைத் தூக்கி மேலே பார்க்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பது படத்தில் இல்லை. பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் தெரிந்தது, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் குடைத் தொழிற்சாலை தீப்பிடித்த அன்று எடுத்த படம். மூன்றாம் மாடித் தையல் கூடத்திலிருந்த பதினொரு பெண்கள் வெளியே வர முடியவில்லை. பின்படிக்கட்டுக் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. உனக்கும் தெரியும், அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் ஆட்கள் வந்துபோகிற நேரத்தைக் குறிக்கிற டைம்கீப்பராக இருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் அப்பா அதைக் கேட்டார். அன்றைக்குக் காய்ச்சல், லீவு போட்டுவிட்டு அறையில் படுத்திருந்தேன் என்று இவர் சொன்னார். கும்பிடப்போன சாமி குறுக்கே வந்து காப்பாற்றியது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம்.

படத்தில் இருந்த ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம், அதில் ஒரு எண். மொத்தம் அறுபத்தொன்று. கீழே ஒரு பலகையில் எண்களை வரிசையாக எழுதி, பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர் போட்டிருந்தார்கள். அன்று ஒன்பது பெயர்தான் இருந்தது. "இவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று எழுதி, சின்னச் சின்ன அட்டைகளும் பென்சிலும் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். நான் சும்மாதான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். இருபத்து மூன்றில் நின்றுவிட்டேன். முகம் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடது தோளை இறக்கி நிற்கிற அந்த நிற்பு அப்பாவுடையது. நீயும் அப்படித்தான் நிற்பாய், பள்ளிக்கூடப் படம் எல்லாவற்றிலும் அப்படித்தான் நிற்கிறாய். வலது கை நெஞ்சோடு சேர்த்து மூடியிருந்தது. விரலுக்கு வெளியே ஏதோ வளையம் போலத் தொங்கியது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காவலுக்கு நிற்கிற கண்ணாடிக்காரர் வந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், என்ன பார்த்தாய் என்று கேட்டார், பழைய நாணயம் என்று சொன்னேன். எங்கள் வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த செவ்வாய் போகக் கூடாது என்று இருந்தேன், கால் தானாகப் போனது. பலகையில் பத்தொன்பது பெயர். அதற்கடுத்த வாரம் முப்பத்து நாலு. இருபத்திரண்டுக்குப் பெயர் வந்துவிட்டது, இருபத்து நாலுக்கும் வந்துவிட்டது. நடுவில் அந்த ஒரு வரி மட்டும் காலி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேறெங்கும் நிற்காமல் நேரே போவேன். மாடி ஏறிப் போய் அந்த வரி காலியாக இருப்பதைப் பார்த்தால்தான் மூச்சு வரும். நாலாம் வாரம் அது காலியாக இல்லை. "டைம்கீப்பர் என நினைக்கிறேன், பெயர் ஞாபகமில்லை" என்று யாரோ எழுதிப் போட்டதை அப்படியே ஒட்டியிருந்தார்கள்.

அங்கே பழக்கமான ஒரு அம்மாவைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்தே என் பக்கத்தில் வந்து உட்காருவாள். என் வயசுதான் இருக்கும், தையல்காரி, கழுத்தில் அளவு நாடாவோடேயே வந்துவிடுவாள். எனக்குக் கால்வலி என்று தெரிந்துகொண்டு பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். கீழ்த்தள உணவகத்தில் இரண்டு பேரும் ரொட்டியைப் பிய்த்துப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். என் ரவிக்கையின் கை இறுக்கமாக இருப்பதைப் பார்த்து அடுத்த வாரம் கொண்டு வரச் சொல்லிப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அவளுடைய அக்கா தையல் கூடத்தில் மேற்பார்வையாளர், இருபத்து நாலு வயசு, அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லையே. பின்கதவைப் பூட்டியது அந்த அக்காதான், சாவியை எங்கேயோ போட்டுவிட்டாள் என்று அப்போதைய விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். செத்துப்போன மற்ற பெண்களின் வீட்டார் இவர்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்களாம். இவளுடைய அம்மா அதற்கப்புறம் வெளியே தலை காட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நாலாம் வாரம் அவள் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தாள், ஊசி கோக்க வைத்திருப்பது. அதை என் கையில் கொடுத்து, "இருபத்து மூணு கையில என்ன இருக்குன்னு பாருங்க. எனக்கு வளையம் மாதிரி தெரியுது. உங்களுக்கு?" என்று கேட்டாள். பார்த்தேன். கண் ஆபரேஷன் பண்ணினதிலிருந்து எனக்குச் சரியாகத் தெரிவதில்லை என்று சொன்னேன். அவள் கண்ணாடியைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டு, "அந்த ஆள் உசுரோட இருந்தா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவனை ஒண்ணும் செய்ய மாட்டேன், கேக்கணும், அவ்வளவுதான்" என்றாள். நான் அவளுடைய ரொட்டியைத் தின்ற வாயோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அப்பா பேப்பரை விரித்துப் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார், இல்லை என்பார், வேறு ஆள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "எத்தனாவது மாடியில மாட்டியிருக்காங்க?" என்று கேட்டார்.  ஒரு மாதமாகவே அவருக்குத் தெரியுமாம். அந்தப் படத்தைப் பஸ் நிறுத்தத்தில் விளம்பரமாக ஒட்டியிருந்தார்களாம், இரண்டு தடவை அருங்காட்சியக வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். மூட்டு வலி என்று சொல்லி அவர் பஸ்ஸில் போவதை நிறுத்தியது அதனால்தான். துணியும் கம்பியும் திருட்டுப் போகிறது என்று முதலாளி வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டச் சொல்லியிருந்தார், பூட்டுவதும் திறப்பதும் இவர் வேலை. தீ என்று கத்தினதும் சாவியை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டில் ஏறியிருக்கிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் புகை இறங்கி வந்தது. "அதுக்கு மேல கால் வரல. பயமா இருந்துச்சு. இறங்கிட்டேன்" என்றார். அப்புறம் முற்றத்தில் போய் எல்லோரோடும் நின்று மேலே பார்த்திருக்கிறார். அன்றைக்கு லீவு என்று முதலாளி ஏட்டில் எழுதிவிட்டார், இவரும் சரி என்று ஊருக்குப் போய்விட்டார். சாவியை யார் மேல் போட்டார்கள் என்று பிறகு பேப்பரில் பார்த்தாராம். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டில் எந்தக் கதவையும் வெளியே தாழ்ப்பாள் போட விடமாட்டாரே, அதற்காக நானும் நீயும் எத்தனை தடவை அவரைக் கேலி பண்ணியிருக்கிறோம். அது கேலி பண்ணுகிற விஷயம் இல்லை.

போன செவ்வாய் இரண்டு பேரும் போனோம். அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார், லிஃப்ட் இருக்கிறது என்றேன், வேண்டாம் என்றார். அந்த அம்மா எனக்கு இடம் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், இவரைப் பார்த்து, "வீட்டுக்காரரா? வாங்க, வாங்க" என்று நகர்ந்துகூட உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை. நேரே போய் அட்டையை எடுத்துத் தன் முழுப் பெயரையும் எழுதினார், கீழே, "பின்கதவுச் சாவி என்னிடம் இருந்தது" என்று எழுதினார். பெட்டியில் போடாமல் அவளிடம் கொண்டு வந்து நீட்டினார். அவள் படித்தாள். திரும்பப் படித்தாள். எழுந்து நின்று படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காவலர்கூடச் சுவரோரம் ஒதுங்கிவிட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "கதவைத் தட்டினாங்களா?" என்று. அப்பா, "தட்டினாங்க" என்றார். "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு" என்றார். அவர் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் நானே வாயைப் பொத்தியிருப்பேன். அவள் அந்த அட்டையைக் கசங்காமல் பைக்குள் வைத்தாள், வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க தெரிஞ்சேதான் என்கூட உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.  அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். அப்பா மேல் அவள் காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் அந்த அட்டையை அங்கே கொடுத்துவிட்டாளாம், வெள்ளிக்கிழமையே இருபத்து மூன்றுக்கு எதிரே பெயர் ஏறிவிட்டது. அந்த அக்காவின் பெயருக்குக் கீழே, சாவியைத் தொலைத்தவள் என்று எழுதியிருந்த பழைய வரியை எடுத்துவிட்டார்கள் என்று காவலர் போனில் சொன்னார். சனிக்கிழமை ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். அன்று மாலையிலிருந்து எதிர் வீட்டு ஜன்னலில் திரையை இழுத்துவிட்டே வைத்திருக்கிறார்கள். போன் அடிக்கும், எடுத்தால் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்கும். இன்று காலை அந்தப் பழைய விசாரணையை நடத்திய அலுவலகத்திலிருந்து கோப்போடு இரண்டு பேர் வந்தார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள், திங்கட்கிழமை பழைய காகிதங்களோடு வரச் சொன்னார்கள். பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா உன் ஊரையும் உன் பெயரையும் சொல்லிவிட்டார். "இனிமே எதையும் மறைக்கிறதா இல்லை" என்கிறார். சாப்பிடுகிறார், குளிக்கிறார், காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். திங்கட்கிழமை போகிறவர் திரும்பி வருவாரா, எப்படி வருவார், எனக்குத் தெரியவில்லை.

உன் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தே நடக்கிறது. அதனால் உன்னையும் யாராவது தேடி வரலாம். அப்போது ஒன்றை மட்டும் சொல்லாதே, எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லாதே. நீ பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே தூங்கியவரும் அவர்தான், அந்தப் படியில் பாதியில் இறங்கியவரும் அவர்தான். இரண்டையும் நான் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு சமைத்துப் போடுகிறேன். உன்னால் முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் அதையும் எனக்கு எழுது, நான் தப்பாக நினைக்க மாட்டேன். அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதே, திங்கட்கிழமை போகட்டும்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீ எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மனசோடும் நல்ல உடம்போடும் நீண்ட நாள் வாழ வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, அப்பாவைக் கூப்பிடு. அவர் உன்னிடம் தானே சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார், நீ எதுவும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொள்ளாதே, தெரியும் என்று சொல்லிவிட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா