ஒன்பது அங்குலம்

சென்னை
3.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் செல்வி நலம். போனில் எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் விழாது. மெசேஜ் அனுப்பினால் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பீர்கள். அதனால்தான் பெரிய எழுத்தில், பேப்பரில் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது கொஞ்சம் மெதுவாக. நீங்கள் படித்தால் தெருவுக்கே கேட்கும்!

அப்பா, எங்கள் கட்டடக்கலைத் துறையில் புதிதாக டிஜிட்டல் கூடமும் போட்டோ ஸ்டுடியோவும் திறந்திருக்கிறார்கள். ஸ்டுடியோவில் ஒரு வெள்ளைச் சுவர், அதற்கு மூலையே கிடையாது. மேலிருந்து வளைந்து இறங்கி அப்படியே தரையாகிவிடுகிறது. சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் நின்றேன், பூமியே காணாமல் போன மாதிரி இருந்தது. அந்தப் பூச்சு வேலையைப் பார்த்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது காலேஜ் கேமராவில் நம் வீட்டை நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேனே, "கல்யாண வூட்லகூட இவ்ளோ எடுக்க மாட்டாங்க"ன்னு சிரித்தீர்களே. அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒன்றோடொன்று பொருத்தி, வீட்டையே எழுப்பி நிறுத்திவிட்டது! கண்ணில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டால் உள்ளே நடக்கலாம். நடந்தேன். அம்மாவின் அரிசி டப்பா, உங்கள் தூக்குக்குண்டு தொங்கும் ஆணி, எல்லாம் அதனதன் இடத்தில். பெஞ்சில் உட்காரப் போனேன், அது வெறும் படம்தானே, தொப்பென்று விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அடிபட்டதால் இல்லை.

மார்ச் 1 கண்காட்சி. நான் வரைந்த நம் வீட்டு வரைபடத்தை வாசலிலேயே மாட்டுகிறார்கள், கட்டியவர் சடையன் என்று உங்கள் பெயரோடு. நீங்கள் கட்டாயம் வரணும்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீங்க. வடக்குச் சுவர் பின்பக்கம் போகப் போக ஒன்பது அங்குலம் நம் அறைக்குள் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிட்டது. அதைச் சிவப்பில் வரைந்து 'கட்டியவரின் பிழை' என்று எழுதியிருக்கிறேன். சார் ரொம்பப் பாராட்டினார்.

உங்கள் செல்ல மகள்,
அன்புச்செல்வி


ஆரணி
9.2.2025

செல்விக்கு அப்பா எழுதுவது,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அந்த மூலையில்லாத சுவரைப் பூசினது யார் என்று விசாரித்து எழுது.

கண்காட்சிக்கு நான் வரவில்லை. முப்பது வருஷமாகக் கொத்தனார் வேலை, என் சுவரை ஒருத்தர் குறை சொன்னதில்லை. பெற்ற மகள் அதைச் சிவப்பில் எழுதி, என் பெயரையும் போட்டு மாட்டினால் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்? கோபமில்லை. பொய், கோபம்தான்.

அது கோணல் என்று எனக்குத் தெரியும். நீ பிறக்க இரண்டு வருஷம் முன்னால் மழையில் பழைய மண்சுவர் விழுந்தது. சர்வேயர் அளந்தார். எல்லைக்கோடு பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாக்காவின் தறிக்குழிக்குள் ஒன்பது அங்குலம் போனது. அவர் வீட்டுக்காரர் தவறிப் பதினாறு நாள்தான். தறியில் புதுப்பாவு, நீள நூல் முழுக்க, ஏறியிருந்தது. தறியை நகர்த்தினால் பாவை அறுக்கணும். ஏறின பாவை நெய்து முடிக்காமல் அறுக்க மாட்டார்கள், உனக்கே தெரியும். காத்திருக்க மழை விடவில்லை. விடியற்காலையில் போய் சர்வேயர் போட்ட சுண்ணாம்புக் கோட்டையும் கொத்துநூலையும் நம் பக்கம் நகர்த்திப் போட்டுச் சுவரைக் கட்டினேன். ஒரு செங்கல் நீளம்தான்.

எல்லையே அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் சங்கடப்படுவார். நீயும் எங்கும் எழுதாதே.

அப்பா,
சடையன்


சென்னை
14.2.2025

அன்புள்ள அப்பா,

நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தவளுக்கு, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மன்னிச்சிருங்கப்பா.

மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூலையில் போய் நின்றேன். அந்தச் சுவரில் சாய்ந்துதானே பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்தேன்? அந்தப் பக்கம் கிருஷ்ணம்மாள் அத்தையின் தறி அடிக்கும், என் முதுகு அதிரும். அத்தையின் பாவுக்காக நீங்கள் நகர்ந்த இடம் அது என்று நினைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இங்கே இருக்கிற எந்த மெஷினைப் பார்த்தும் எனக்கு இப்படி ஆகவில்லை.

சிவப்பை அழித்துவிட்டேன். "ஏம்மா, அதுதானே உன் கண்டுபிடிப்பு?" என்றார் சார். "அது பிழை இல்லைங்க சார்." "அப்ப ஏன் கோணல்?" காரணம் உங்கள் ரகசியமாச்சே. காரணம் இல்லாவிட்டால் மார்க் குறையும் என்றார். குறையட்டும். அந்த இடத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: 'இந்தச் சுவர் தெரிந்தே இப்படிக் கட்டப்பட்டது.'

வெள்ளைச் சுவரைப் பூசினவர் பெயர் தணிகாசலம். சேத்துப்பட்டுக்காரர், சென்னையில் இருக்கிறது இல்லை, நம் ஊர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டு. வாங்கப்பா.

செல்வி


ஆரணி
20.2.2025

அன்பு மகளுக்கு,

ஒரு காரியம் நடந்துபோச்சு. உன் கடிதத்தை அம்மாவுக்கு மெதுவாகத்தான் படித்தேன். அப்படித்தான் நினைத்தேன். பாதியில் கிருஷ்ணம்மாக்கா வந்து நிற்கிறார், கையில் தறி நாடாவோடு.

என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார்: "ஏன்டா சடையா, ஊருக்கே படிச்சுகினு இருக்கிற? எனக்குத் தெரியாதா? சுண்ணாம்புக் கோடு ராத்திரி ஒரு எடத்துல இருந்துது, காலைல பார்த்தா நவுந்து கெடந்துது. நீ கூச்சப்படுவியேன்னு இருபத்திரண்டு வருசமா தெரியாத மாதிரி இருந்துகினு இருக்கேன்."

அம்மா மூன்று பேருக்கும் டீ போட்டாள்.

அக்காவோடு மூன்று பேரும் ஒன்றாம் தேதி சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். தணிகாசலத்தின் சுவரைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா? அதன் மேல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவேன்.

அக்கா உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். "தெரிஞ்சே கட்டினதுன்னு மட்டும் போட்டா எப்டி? யாருக்காகன்னு எழுதச் சொல்லு. எம்பேரப் போடச் சொல்லு."

கிருஷ்ணம்மாள். பெரிய எழுத்தில் எழுது.

அப்பா