ஏழு வயதிலும் எழுபது வயதிலும் செல்லாத கையெழுத்து

அனுப்புநர்:
ப. நாச்சிமுத்து, நாயுடுபுரம்,
தற்சமயம்: ஆறாம் எண் கட்டில், குறிஞ்சி தர்ம ஆஸ்பத்திரி, கொடைக்கானல்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள், மதுரை.

பொருள்: நான் என் வீட்டுக்குப் போக என் கையெழுத்தே போதும் என உத்தரவிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எழுதும்போதே சிரிப்பு வருவதால் எழுத்து கோணலாக விழுகிறது. அதை வைத்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென முடிவுகட்ட வேண்டாம். அதற்கு இங்கேயே ஆள் இருக்கிறார்கள்.

2. எனக்கு இரைப்பையில் புற்றுநோய். டாக்டர் இதை என்னிடம் சொல்லவில்லை. கன்னிவாடியிலிருந்து வந்த என் மகன் ஆண்டிச்சாமியிடம் சொன்னார். அவன் அழுத அழுகையில் வார்டு முழுவதும் தெரிந்துகொண்டது, நான் உட்பட. மதுரையில் அறுத்தாலும் பிழைப்பது சந்தேகமாம். எனக்கு அறுவை வேண்டாம். கொல்லையில் பிளம்ஸ் பழுத்துக் கிடக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும்.

3. 'என் விருப்பப்படி போகிறேன்' என்னும் படிவத்தில் கையெழுத்திட்டு, வயது ௭௰, அதாவது ஏழும் பத்தும் சேர்ந்த எழுபது, என்று எழுதினேன். நாற்பது வருஷம் உருளைக்கிழங்கு மூட்டைகளில் தமிழ் எண் போட்ட கை இது. பத்தின் குறியைக் கைநடுக்கம் என்று நினைத்த எழுத்தர், அதை விட்டுவிட்டு 7 என்று பதிந்துகொண்டார். மேலே போன காகிதம், 'சிறுவர். தந்தை கையொப்பம் தேவை' என்று திரும்பி வந்தது. என் தந்தை காலமாகி நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

4. காகிதப்படி மூன்று நாள் ஏழு வயதாக இருந்தேன். பொய் சொல்வானேன், ஆனந்தமாக இருந்தது! காலையும் மாலையும் பால் வந்தது. நர்ஸ் லீலா, "தம்பி, சமத்தா மருந்தக் குடிச்சிருங்க" என்று பெப்பர்மின்ட் கொடுத்தார். சிரித்துச் சிரித்து வயிற்றுவலியே மறந்துபோயிற்று.

5. நாலாம் நாள் பிழை திருந்தி எழுபது ஆனேன். அதே எழுத்தர், "எழுபது ஆச்சுல்ல, ஒங்களுக்கு வெவரம் புரியாது. மகன வந்து போடச் சொல்லுங்க" என்றார். மகனோ, "அறுக்காம கூட்டிட்டுப் போனா ஊரு என்னைய என்ன பேசும்?" என்று போட மறுக்கிறான். அவன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் வயிறு என்னுடையது.

6. பயமில்லையா என்றால், இருக்கிறது. அந்தப் பயத்தையும் என் வீட்டுக் கட்டிலில் படுத்தே பட ஆசைப்படுகிறேன்.

ஏழில் தகப்பன் போட வேண்டும், எழுபதில் மகன் போட வேண்டும் என்றால், ஐயா, நான் எப்போதுதான் போடுவது? அருள்கூர்ந்து வெரசாக உத்தரவிட வேண்டுகிறேன். பிளம்ஸ் பழம் காகிதம் வரும்வரை காத்திராது. நானும்தான்.

கொடைக்கானல்,
22-5-1961.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ப. நாச்சிமுத்து
(வயது 70, எழுபது மட்டும்)