கடைசிப் பெட்டியின் கைப்பிடி

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கால் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு நல்ல சேதி எழுத ஆசைதான்; கைவசம் இல்லை. உங்கள் காற்று பிரேக் மாட்டிய ரயில் இன்றும் மூன்று இடத்தில் தானாகவே நின்றது. "வண்டியா இது, முரண்டு பிடிக்கிற மாடா?" என்று ரயில்வே அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். வெள்ளிக்கிழமை மலையேற்றச் சோதனை. அதில் சொதப்பினால் பிரேக்கைக் கழற்றி வீசிவிடுவார்களாம்.

வழி கண்டுபிடித்துவிட்டேன். காற்று கசிவது கடைசிப் பெட்டியின் ரப்பர் குழாயில்தான். அதற்கு முன்னால் இருக்கும் வால்வை மூடி, அந்தப் பெட்டியின் பிரேக்கை மட்டும் தளர்த்திவிட்டால் வண்டி நிற்காது. ஃபிட்டரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் உடம்பைப் பாருங்கள்.

உங்கள் மச்சான்

மார்ச் 5

மச்சானுக்கு வணக்கம்.

வால்வைத் தொடாதீர்கள். காற்று இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். போனால் சக்கரத்தைக் கவ்வும். ஏற்றத்தில் கொக்கி அறுந்து கடைசிப் பெட்டி பின்னால் உருண்டால், அதைப் பிடித்து நிறுத்த வேறு நாதியில்லை. என் அப்பா செத்தது அப்படி உருண்ட பெட்டியில்தான். உங்களுக்குத் தெரியாததா?

கசிகிறது, அதனால் நிற்கிறது. அது பொய் சொல்லவில்லையே. பத்துத் தடவை நிற்கட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். காலூன்ற முடிந்தால் நானே வந்து உங்கள் கையைப் பிடித்திருப்பேன்.

மாப்பிள்ளை

மார்ச் 6

மாப்பிள்ளை,

புதுக் குழாய் வர ஒரு மாதமாகும். அதிகாரி ஒரு நாள்கூடத் தர மாட்டார். சரக்கு முதலில் விலைபோகட்டும். குறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வால்வு மூடித்தான் இருக்கும். கொக்கி என் கடை இரும்பு. அறுந்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

தொல்லை ஒன்றுதான். என் தங்கை கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாளாம். "அவர் செஞ்சதுல நானே ஏறலைன்னா வேற யாரு ஏறுவா?" என்கிறாள். உங்கள் பிடிவாதம் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மச்சான்

மார்ச் 8

மாப்பிள்ளை,

முதலில் இது: அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நேற்று ஏற்றத்தில் வண்டி நின்றது. கிளம்பி, மறுபடி நின்றது. வால்வு மூடியிருக்கும்போது எப்படி? பின்னால் ஓடிப் பார்த்தால் வால்வு திறந்திருக்கிறது, தளர்த்திய பிரேக்கும் பழையபடி பூட்டியிருக்கிறது, வால்வின் கைப்பிடியைக் காணோம். உங்கள் அடுப்படி மேசையில் இத்தனை வருடம் குழாய் வெட்டித் தந்தவளுக்கு, அது மூடியிருந்தது கண்ணில் படாமலா போகும்?

"கைப்பிடி எங்கடி?" என்று கத்தினேன்.

"என் பையில. வேணும்னா ஏறி வந்து பக்கத்துல உட்காந்து கேளு."

கோபத்தில் ஏறிவிட்டேன். வண்டியும் நகர்ந்துவிட்டது.

செங்குத்தான இடத்தில் படாரென்று ஒரு சத்தம். முன்பெட்டி எங்களை விட்டு விலகியது. என் கடை இரும்புதான். நாங்கள் பின்னால் சரிந்தோம், பக்கத்தில் பள்ளத்தாக்கு. எனக்கு வாயில் சாமி பேர்கூட வரவில்லை. ஒரு முழம்தான். அப்புறம் அடியில் கிரீச்சென்று, உடும்பு பிடித்த மாதிரி நின்றது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை, பையைத்தான் பிடித்திருந்தாள்.

வால்வை மூடச் சொன்னது நான்தான் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எல்லா வண்டிக்கும் உங்கள் பிரேக்கை மாட்ட உத்தரவு போட்டுவிட்டார்.

கைப்பிடியைக் கடையில் மாட்டி வைக்கலாமென்று கேட்டேன். "எதுக்கு அண்ணா? மறுபடியும் மூடவா?" என்கிறாள். அந்தப் பையோடுதான் உங்களைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாள்.

இப்படிக்கு,
நீங்கள் வைக்கிற புதுப் பேருக்குக் காத்திருக்கும்
மச்சான்