பந்தியில் இடக்கை

மார்ச் 14, வெள்ளி. அஜ்மான்.

தமிழ்ச் சங்க மலரில் என் மாங்கா படக்கதையைக் கெடுத்துவிட்டார்கள். ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வரைந்தது. டூட்டி முடிந்து ரூமில் தனியே உட்கார்ந்து, நானே கற்று, இரண்டு வருடம் வரைந்தேன். மலர் ஆசிரியர் செல்வம் எழுத்தை மட்டும் நேராக வைத்துப் படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிவிட்டான். கல்யாணப் பந்தியில் அத்தனை பேரும் இடக்கையால் சோறு அள்ளுகிறார்கள். இன்று விழாவில் அந்தப் பக்கத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

"நம்மாளு இடப்பக்கமிருந்துதானே படிப்பான்? விடுங்கண்ணே, கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றான் செல்வம்.

"வாசல்ல இருக்கிற அரபி போர்டை எந்தப் பக்கமிருந்துடா படிக்கிறாங்க?" என்றேன்.

செல்வம் மறுபடி அச்சடிக்க வேண்டும். சங்கத் தலைவர் மேடையிலேயே தவறைச் சொல்ல வேண்டும். சிரித்தவர்களில் ஒருவராவது கதையைக் கடைசிவரை படிக்க வேண்டும்.