பளிங்கும் பலிங்கும்

பாப்பா,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடாமல் ஓடாதே. நான் தரை பாலிஷ் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நேற்றைய முட்டிவலியே இன்னும் போகவில்லை.

நம் கம்பெனிக்கு நினைத்த 'பளிங்கு' என்ற பெயரை வேறு யாரோ பதிவு செய்துவிட்டார்களாம். நான் தப்பாக எழுதிக் கொடுத்த 'பலிங்கு'தான் காலியாக இருக்கிறதாம். "அதையே வச்சுக்கலாம்பா" என்று நேற்று சிரித்தாய். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனாலும் அது வேண்டாம்மா. இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டது, என் தப்பைப் போர்டில் எழுதி மாட்டவா? 'பளபள' கிடைக்குமா என்று பார்த்து வை.

அப்பா

இதற்கும் அதே 'ள'தான். சந்தேகமாக இருந்தது, உன் அம்மாவை எழுப்பிக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். சிரிக்கவில்லை.