போனில் அழுகிறவள்

அன்புள்ள அப்பா,

உட்கார்ந்து எழுதினால் கண் சொருகிவிடுகிறது. ஜன்னலோரம் நின்றுகொண்டே எழுதுகிறேன். முதுகில் ஆபரேஷன் செய்த புண் எப்போதோ ஆறிவிட்டது. நீங்கள் எழுதித் தரும் வலி மாத்திரைதான் இன்னும் நின்றபாடில்லை.

மற்ற நோயாளிகளிடம், "அஞ்சு நாளைக்கு மேல இதத் தொடக் கூடாது" என்று கறாராகச் சொல்வீர்கள். நான் போனில் விசும்பினால் போதும், "நீ ஏம்மா தாங்கிக்கணும்? அப்பா எதுக்கு இருக்கேன்?" என்று, என்னைப் பார்க்காமலே அடுத்த மருந்துச் சீட்டை அனுப்பிவிடுவீர்கள்.

நேற்று பாப்பாவைத் தொட்டியில் குளிப்பாட்டும்போது அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள், அதற்குமேல் கேட்காதீர்கள். "உங்கப்பா டாக்டரா, மருந்துக்கடையா?" என்று உங்கள் மாப்பிள்ளை கத்தினார்.

நாளை போன் செய்வேன். உயிர் போகிறது என்பேன். கல்நெஞ்சுக்காரர் என்று உங்களைத் திட்டுவேன். மசிந்துவிடாதீர்கள். ஒரு தடவையாவது எனக்கும் டாக்டராக இருங்கள். நேரில் வந்து என்னைப் பாருங்கள்.

உங்கள் செல்ல மகள்

பி.கு.: நீங்கள் வந்து சேரும்வரை சமாளிக்க வேண்டுமே, ஒரே ஒரு மாத்திரை அட்டைக்கு மட்டும் சீட்டு அனுப்புங்கள். சத்தியமாக இதுதான் கடைசி, அப்பா.