இன்னொரு கோட்டு

அன்பு மனைவிக்கு,

நான் நல்ல சுகம். உன் முதுகுவலி விட்டதா?

நம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் சொன்னது எதுவும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். பட்டி பார்ப்பது என்றால் சுவரின் கீறலையும் பள்ளத்தையும் அடைப்பது. அதன்மேல் ப்ரைமர் அடிக்காவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். கோட்டு என்பது ஒரு தடவைப் பூச்சு.

அதைக் கற்றுக்கொண்ட கதையைக் கேள். இந்த ஊருக்குப் பெயின்ட் வேலைக்கு வந்த புதிதில், குளிரில் நடுங்கிக்கொண்டே சுவருக்கு அடித்து முடித்தேன். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இன்னொரு கோட்டு போடுடா" என்றார். என்ன நல்ல மனுஷன் என்று, போட்டிருந்த கோட்டின்மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். அன்றிலிருந்து என் பெயரே 'ரெண்டு கோட்டு'.

நேற்று ஒரு அறையைத் தனியாளாக முடித்தேன். வீட்டுக்கார அம்மா சுவரைத் தடவி, "கண்ணாடி மாதிரி இருக்கே, யார் அடிச்சது?" என்றார்.

"எங்க ரெண்டு கோட்டுதான். இனிமே உள்வேலை எல்லாம் அவர் பொறுப்பு" என்றார் மேஸ்திரி. அவர் வாயில் நான் 'அவர்' ஆனது நேற்றுதான்.

புதுப் பெயின்ட் அடிக்கும் முன், நம் கூடத்துச் சுவரில் உரிந்து நிற்பதில் ஒரு துண்டைக் கடிதத்தோடு வைத்து அனுப்பு. நிறம் பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னுடைய
ரெண்டு கோட்டு